ஹலோ வருகிறது, டேட்டா வரவில்லை: நடந்துகொண்டே இருக்கும் நோடுகளுக்கு ஒரு மெஷ்

மையத்து லேப்டாப்பில் சேர்ந்திருந்த கோப்பை வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஐந்து நோடுகளின், அதாவது நடந்தவர்கள் சுமந்த ஐந்து ரேடியோப் பெட்டிகளின், அளவீட்டு வரிசை எண்களும் முதலிலிருந்து கடைசி வரை ஒன்றுகூட விடுபடாமல் வந்திருந்தன. நடந்தவர்களில் ஒருவர் பாதி நேரத்துக்கு மேல் யாருடைய ரேடியோவுக்கும் எட்டாத இடத்தில் இருந்தவர். அவருடைய அளவீடுகளும் அதில் இருந்தன. அதற்கு முன்னால் கட்டிய எந்த அமைப்பும் இந்தச் சோதனையில் தேறவில்லை. எது எங்கே உடைந்தது, எதை மாற்றியபோது சரியானது என்பதை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

வேலை இதுதான். ஐந்து பேர் ஆளுக்கொரு பெட்டியுடன் ஒரு பரந்த வளாகத்தில் நடப்பார்கள். கட்டடங்கள் உண்டு, மரங்கள் உண்டு, நடுவில் ஒரு மேடும் உண்டு. பெட்டி 5 நொடிக்கு ஒருமுறை வெப்பநிலை, ஈரப்பதம், இருக்கும் இடம் மூன்றையும் குறித்து மையத்துக்கு அனுப்ப வேண்டும். செல்போன் சிக்னலும் கிடையாது, ஆக்சஸ் பாயிண்டும் கிடையாது. பெட்டிகளே ஒன்றின் வழியாக இன்னொன்று டேட்டாவைக் கடத்திக்கொள்ள வேண்டும். இப்படிப்பட்ட வலைதான் மெஷ். ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு ஒரு தாவல் ஒரு ஹாப், எந்த வழியாகப் போவது என்று முடிவு செய்வது ரூட்டிங். யார் எப்போது எங்கே இருப்பார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

ஓர் அளவீட்டுக்கு 48 பைட். ஒரு பெட்டி ஒரு மணி நேரத்தில் 720 அளவீடு எடுக்கும். ஐந்துக்கும் சேர்த்து 3,600. மொத்தமாகச் சுமார் 170 கிலோபைட்தான். ஆக, வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. பத்து நிமிடம் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை. தொலையக் கூடாது, அவ்வளவுதான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

அதெரோஸ் ஏஆர்9331 சிப் உள்ள கையடக்க டிராவல் ரவுட்டர்களை எடுத்தேன். 400 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், 64 மெகாபைட் ராம், 16 மெகாபைட் ஃப்ளாஷ், 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒரே ஒரு ரேடியோ. பழைய சரக்குதான். ஆனால் இதன் ஏடிஎச்9கே டிரைவர் லினக்ஸில் நன்றாகப் பழுத்த டிரைவர். ஒவ்வொரு பக்கத்து நோடுக்கும் எத்தனை முறை திரும்ப அனுப்பினேன், எத்தனை தோற்றன என்று கணக்குக் காட்டும். இந்த வேலைக்கு அந்தக் கணக்கு புது சிப்பின் வேகத்தைவிட முக்கியம். வெளி ஆன்டெனா மாட்டும் வசதி உள்ள வகையாகப் பார்த்து எடுத்துக்கொண்டால் பின்னால் நிம்மதி.

ரவுட்டரின் யூஎஸ்பி துளையில் ஓர் ஆர்டுவினோ நானோ. அதில் டிஎச்டி22 சென்சாரும் நியோ-6எம் ஜிபிஎஸ் பலகையும். நானோவில் இருந்த சிஎச்340 சிப்புக்கு, ரவுட்டரில் ஓடும் லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டியில் தனியாக ஒரு கெர்னல் மாட்யூல் போட வேண்டும். போட்டதும் சீரியல் போர்ட்டாகத் தெரிந்துவிடும். சக்திக்கு 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க். பவர் பேங்க் தீர்வதற்கு முன் நடப்பவர் களைத்துவிடுவார், எனவே அதைப் பற்றி மேலே யோசிக்கவில்லை. கேபிளைப் பற்றித்தான் யோசித்திருக்க வேண்டும். நடக்கும்போது ஆடி ஆடி மைக்ரோ யூஎஸ்பி முனை தளர்ந்து ரவுட்டர் சத்தமில்லாமல் ரீபூட் ஆகும். அதன் விளைவு கீழே வருகிறது.

முதலில் ரேடியோ

தொடக்கத்தில் வைஃபையின் பழைய அட்-ஹாக் பயன்முறையில் (ஆக்சஸ் பாயிண்ட் இல்லாமல் நேரடியாகப் பேசுவது) போட்டேன். இரண்டு கும்பலாகப் பிரிந்து நடந்துவிட்டுத் திரும்பச் சேரும்போது இரு கும்பலும் ஒரே பெயர், ஒரே சேனல், ஆனால் வெவ்வேறு செல் அடையாளத்தோடு ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் நின்றன. செல் அடையாளத்தைக் கையால் நிலையாகக் கொடுத்தால் இது தீரும். இருந்தாலும் அந்தப் பயன்முறையை விட்டுவிட்டு 802.11எஸ் மெஷ் பயன்முறைக்கு வந்தேன்.

இங்கே ஒரு பொறி உண்டு. 802.11எஸ்-க்குள்ளேயே எச்டபிள்யூஎம்பி என்று ஒரு ரூட்டிங் இருக்கிறது. மேலே நாம் வேறு ரூட்டிங் புரோட்டோகால் ஓட்டப்போகிறோம் என்றால் அந்த உள் கடத்தலை அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால் கீழ் அடுக்கே எல்லாப் பிராட்காஸ்டையும் (எல்லோருக்குமாக அனுப்பும் பாக்கெட்டை) கடத்திவிடும். மேலே ஓடுகிற புரோட்டோகாலுக்கு எல்லா நோடும் பக்கத்து நோடாகவே தெரியும். மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற பெட்டி ஒரே ஹாப்பில் இருப்பதாகப் பட்டியல் காட்டியபோதுதான் இது பிடிபட்டது. கான்ஃபிகில் மெஷ் ஃபார்வர்டிங் என்ற வரியைப் பூஜ்யம் ஆக்கினால் போதும்.

மேசைமேல் சோதிப்பது அடுத்த தலைவலி. ஆறு ரவுட்டரையும் ஒரே மேசையில் வைத்தால் எல்லாம் எல்லாவற்றையும் கேட்கும். அனுப்பும் சக்தியை 1 டிபிஎம் வரை குறைத்தாலும் பயனில்லை. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒரு மீட்டர் காற்று சுமார் 40 டெசிபல்தான் விழுங்கும், மிச்சமே தாராளம். அதனால் குறிப்பிட்ட மேக் முகவரியிலிருந்து வருவதை மென்பொருளில் தடுத்து, செயற்கையாக ஒரு சங்கிலியை உண்டாக்கினேன். லினக்ஸின் ஐபிடேபிள்ஸ் வடிகட்டியில் போட்ட தடுப்பை, பின்னால் நான் மாறிய பேட்மேன் என்ற ரூட்டிங்கின் பாக்கெட்டுகள் சட்டையே செய்யாது, ஏனென்றால் அவை ஐபி பாக்கெட்டுகளே அல்ல. ஹெக்ஸில் 4305 என்ற தனி ஈதர் வகை. என்எஃப்டேபிள்ஸ் வடிகட்டியின் இன்கிரஸ் கொக்கியில் (பாக்கெட் உள்ளே நுழையும் இடம்) போட்டால்தான் வேலை செய்யும். அங்கே தடுத்த பிறகும், பாக்கெட்டுகளை ஒட்டுக்கேட்கும் கருவியான டிசிபிடம்ப் அந்தப் பாக்கெட்டுகளைக் காட்டிக்கொண்டே இருக்கும். தடுப்பு வேலை செய்யவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். டிசிபிடம்ப் தடுப்புக்கு முன்னாலேயே பார்த்துவிடுகிறது.

ஓஎல்எஸ்ஆர்: ஹலோவின் பொய்

முதல் ரூட்டிங் ஓஎல்எஸ்ஆர். 2003-இல் ஆர்எஃப்சி 3626 (இணைய விதிமுறை ஆவணம்) ஆக வந்தது. அதே ஆண்டு ஆர்எஃப்சி 3561 ஆக வந்த ஏஓடிவியும் மனதில் இருந்தது. அது தேவைப்படும்போது மட்டும் வழி தேடும் வகை. ஆனால் இங்கே ஐந்து பெட்டியும் 5 நொடிக்கு ஒருமுறை மையத்தைக் கூப்பிடப்போகின்றன. எப்போதும் தேவை இருக்கும் இடத்தில் தேவைப்படும்போது தேடுவதில் லாபம் இல்லை. சரி என்று வழியை எப்போதும் தயாராக வைத்திருக்கும் ஓஎல்எஸ்ஆரையே எடுத்தேன். இணைப்பின் தரத்தைப் பார்க்கும் நீட்டிப்புகளையும் ஹிஸ்டெரிசிஸையும் (இணைப்பைச் சட்டென்று ஏற்கவோ விடவோ செய்யாத தயக்கம்) அணைத்துவிட்டு, ஆர்எஃப்சியின் அடிப்படைப்படி ஹாப் எண்ணிக்கை மட்டும் பார்க்கும் நிலையில் விட்டேன்.

மேசையில் அழகாக ஓடியது. வெளியே போனதும் டேட்டா கொத்துக் கொத்தாகத் தொலைந்தது. வேடிக்கை என்னவென்றால், தொலைந்துகொண்டிருந்த நேரம் முழுவதும் வழிப்பட்டியல் பத்திரமாக இருந்தது. மூன்றாவது பெட்டியிலிருந்து மையத்துக்கு நேரடி வழி, ஒரே ஹாப். பிங் (சோதனைப் பாக்கெட்) அடித்தால் பதிலும் வருகிறது. டேட்டா மட்டும் வரவில்லை.

பிங் அளவை மாற்றிப் பார்த்தபோது முடிச்சு அவிழ்ந்தது. இயல்பான 56 பைட் பிங் பெரும்பாலும் போய்த் திரும்பியது. அதே இடத்தில், அதே நிமிடத்தில், 1,400 பைட் பிங் ஏறக்குறைய எதுவுமே திரும்பவில்லை. நான் தலைப்புச் செலவை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று 25 அளவீடுகளைச் சேர்த்து 1,200 பைட் பாக்கெட்டாக அனுப்பிக்கொண்டிருந்தேன். ஐடபிள்யூ கருவியின் ஸ்டேஷன் பட்டியலில் அந்த இணைப்புக்கு எதிரே திரும்ப அனுப்பியவை, தோற்றவை என்ற இரண்டு எண்களும் ஓடிக்கொண்டே இருந்தன.

நடந்தது இது. ஓஎல்எஸ்ஆரின் ஹலோ, அதாவது ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்ற சிறு அறிவிப்பு, ஒரு பிராட்காஸ்ட். வைஃபையில் பிராட்காஸ்டை மிகக் குறைந்த வேகத்தில், 2.4 ஜிகாஹெர்ட்ஸில் வழக்கமாக 1 மெகாபிட்டில், அனுப்புவார்கள். குறிப்பிட்ட ஒரு நோடுக்கு டேட்டா போகும்போது வேகம் பல மடங்கு. நிதானமாக இழுத்துக் கூப்பிட்டால் தூரத்தில் இருப்பவருக்குக் காதில் விழும். அதே தூரத்தில் நின்று ஒரு முழுச் சேதியைப் படபடவென்று சொன்னால் விழாது. 1 மெகாபிட்டுக்கும் 54 மெகாபிட்டுக்கும் இடையே பெறுபவரின் காது கூர்மையில் சுமார் 20 டெசிபல் வித்தியாசம் உண்டு. டிரைவர் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும்தான்; ஆனால் நீளமான பாக்கெட் முழுவதும் சேதமில்லாமல் போய், அதற்கான ஒப்புகையும் திரும்பி வந்தால்தான் அது வெற்றி. ஹலோவுக்கு இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. குட்டி பாக்கெட், ஒப்புகை கிடையாது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஹலோ 2 நொடிக்கு ஒருமுறை. பக்கத்து நோடை நினைவில் வைத்திருக்கும் காலம் 6 நொடி. அதாவது மூன்றில் ஒரு ஹலோ வந்தாலே போதும், அந்தப் பக்கத்து நோடு முழுமையான பக்கத்து நோடுதான். மூன்றில் இரண்டைத் தொலைக்கும் இணைப்பும் ஒன்றைக்கூடத் தொலைக்காத இணைப்பும் அதன் கணக்கில் ஒன்றே. ஹாப் குறைவாக இருக்க வேண்டும் என்று தேடும்போது அது எப்போதும் மிகத் தொலைவில் உள்ள, மிக மோசமான நோடையே விரும்பிப் பிடிக்கும். ஹலோ கேட்டும் டேட்டா போகாத இந்தச் சாம்பல் பகுதியைப் பற்றி ஆய்வாளர்கள் 2002-லேயே எழுதிவிட்டார்கள். படித்திருந்தும், மூன்றாவது பெட்டியோடு நின்று பார்க்கும் வரை அதன் அளவு எனக்கு உறைக்கவில்லை.

மூன்று மாற்றங்கள் செய்தேன். பிராட்காஸ்ட் வேகத்தை 12 மெகாபிட்டுக்கு உயர்த்தினேன். ஓப்பன்டபிள்யூஆர்டியின் வயர்லெஸ் கான்ஃபிகில் ஒரு வரி, மதிப்பு 12000. இனி ஹலோ கேட்கும் தூரமும் டேட்டா போகும் தூரமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். பட்டியலில் பக்கத்து நோடுகளின் எண்ணிக்கை சட்டென்று குறைந்தது. பார்க்க நஷ்டம் போலத் தெரிந்தாலும் போனவை எல்லாம் பொய் இணைப்புகள். இரண்டாவதாக, பாக்கெட்டைச் சிறிதாக்கினேன்: 8 அளவீடு, 384 பைட். மூன்றாவதாக, ஓஎல்எஸ்ஆரை ஓட்டும் மென்பொருளான ஓஎல்எஸ்ஆர்டியின் இடிஎக்ஸ் கணக்கை இயக்கினேன்.

இடிஎக்ஸ் என்பது ஒரு பாக்கெட் போய்ச்சேர எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்ற எதிர்பார்ப்பு. போகும் பக்கம் வெற்றி விகிதத்தையும் வரும் பக்கம் வெற்றி விகிதத்தையும் பெருக்கி, ஒன்றை அதனால் வகுத்தால் வரும். 2003-இல் எம்ஐடியிலிருந்து வந்தது. மூன்றாவது பெட்டியிலிருந்து மையத்துக்கு நேரடியாக இரு பக்கமும் 0.6 என்றால் 1/0.36, அதாவது 2.78. இடையில் இன்னொரு பெட்டி இருந்து இரண்டு துண்டும் தலா 1.1 என்றால் மொத்தம் 2.2. ஹாப் கணக்கில் தோற்கும் வழி இங்கே ஜெயிக்கிறது. இதைப் போட்ட பிறகு டேட்டா வரத்து கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறியது.

இடையில் வேறொரு குறுக்கு வழியையும் பார்த்தேன். 802.11எஸ்-இல் குறிப்பிட்ட சிக்னல் பலத்துக்குக் கீழே இருப்பவரோடு புதிதாகக் கைகுலுக்காதே என்று சொல்லும் வரம்பு உண்டு. நேர்த்தியாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் ஒருவர் விளிம்பில் நிற்கும்போது அவருக்கு இருப்பதே அந்த ஒரே மோசமான இணைப்புதான். வரம்பு அதையும் வெட்டிவிடுகிறது. மோசமான இணைப்பைக் கடைசித் துணையாக வைத்துக்கொள்வதே சரி, அதனால் வரம்பை எடுத்துவிட்டேன்.

பேட்மேனும் பழைய நினைவும்

இடிஎக்ஸோடு ஓஎல்எஸ்ஆர் நின்றால் நன்றாக இருந்தது, நடந்தால் தடுமாறியது. வழி மாறும் சில நொடிகளில் இரண்டு பெட்டிகள் ஒன்றையொன்று அடுத்த வழியாகக் காட்டிக்கொண்டு பாக்கெட்டைப் பந்தாடும். பிங்கில் டிடிஎல் (பாக்கெட்டுக்கு அனுமதித்த ஹாப் எண்ணிக்கை) தீர்ந்தது என்ற பதில் வரும்போதெல்லாம் இதுதான் நடக்கிறது. அதைத் தோண்டாமல் பேட்மேன் அட்வான்ஸ்டுக்கு மாறினேன். 2011-இல் 2.6.38 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலோடு வருவது. ஐபிக்குக் கீழே, ஈதர்நெட் அடுக்கில் ஓடும். ஒவ்வொரு நோடும் முழு வரைபடத்தை வைத்திருக்காது. ‘அந்த நோடுக்குப் போக எந்தப் பக்கத்து நோடு மேல்’ என்பது மட்டும் அதற்குத் தெரியும். கூடவே வரும் பேட்சிடிஎல் கருவிக்காகவே மாறலாம் என்பது என் கட்சி: பக்கத்து நோடு பட்டியல், ஒவ்வொரு நோடுக்குமான தரமதிப்பு, அடுக்கு இரண்டிலேயே பிங், டிரேஸ்ரூட் எல்லாம் ஒரே இடத்தில்.

நிறுவும்போது கவனிக்க வேண்டியது எம்டியூ, அதாவது ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச பைட். பேட்மேன் தன் தலைப்பைச் சேர்ப்பதால் கீழே உள்ள வைஃபை இடைமுகத்தின் எம்டியூவை 1,532 ஆக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய பாக்கெட்டைத் துண்டாக்கி அனுப்பும். என் 384 பைட்டுக்கு இது தேவையே இல்லை, ஆனால் நோடுக்குள் நுழைந்து கோப்புகளை நகலெடுக்கும்போது வித்தியாசம் தெரிகிறது.

தரமதிப்பு 0 முதல் 255 வரை. ஒவ்வொரு ஹாப்புக்கும் 30 என்ற அபராதம் இயல்பாக உண்டு. குறையே இல்லாத இணைப்புகளாக இருந்தாலும் 255 ஒருவர் கடத்தியதும் 225, இன்னொருவர் கடத்தியதும் 198 என்று இறங்கும். அபராதத்தில் கைவைக்கவில்லை.

கைவைத்தது அறிவிப்பு இடைவெளியில். நடப்பவர் கட்டடத்துக்குப் பின்னால் திரும்பியதும் இணைப்பு போய்விடுகிறது. ஆனால் பேட்மேன் நெடுநேரம் பழைய வழியையே பிடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நொடியும் பேட்சிடிஎல் பட்டியலை ஒரு கோப்பில் எழுதவைத்துப் பார்த்தால், செத்துப்போன இணைப்பின் மதிப்பு தடாலென்று விழவில்லை; படி படியாகத் தேய்கிறது. காரணம் எளிது. அது கடைசி 64 அறிவிப்புகளில் எத்தனை வந்தன என்று எண்ணித்தான் மதிப்புப் போடுகிறது. அறிவிப்பு நொடிக்கு ஒன்று. ஆக 64 நொடி நினைவு. நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் அதற்குள் 77 மீட்டர் போய்விடுவார். கூரையில் ஆணியடித்து நிற்கும் ரவுட்டருக்கு இந்த நினைவு நல்லது, நடப்பவருக்கு ஆகாது.

இடைவெளியை 250 மில்லிநொடி ஆக்கினேன். நினைவு 16 நொடி ஆனது, நடையில் சுமார் 19 மீட்டர். இதற்கு விலை காற்றலை நேரம். ஆறு நோடு, நொடிக்கு நான்கு அறிவிப்பு, ஒவ்வொன்றையும் ஆறு பேர் ஒலித்தால் நொடிக்கு 144. பல அறிவிப்புகளை ஒரே பாக்கெட்டில் கட்டுவதால் உண்மையில் குறைவாகத்தான் போகும். பிராட்காஸ்ட் 1 மெகாபிட்டிலேயே இருந்திருந்தால் காற்றலையில் பத்தில் ஒரு பங்கை இதுவே தின்றிருக்கும். 12 மெகாபிட்டில் அது பொருட்டில்லை. நோடுகள் ஐம்பது இருந்தால் இந்த மதிப்பைப் போட மாட்டேன்.

உடம்பும் உயரமும்

மென்பொருளில் இவ்வளவு நேரம் செலவழித்த பிறகு பெட்டியை இடுப்புப் பையிலிருந்து தோளுக்கு மாற்றியதில் கிடைத்த லாபம் கொஞ்சம் கடுப்பேற்றியது. 2.4 ஜிகாஹெர்ட்ஸை மனித உடம்பு நன்றாக விழுங்கும். நடப்பவர் முதுகைக் காட்டினாலே இணைப்பு போகும். அதோடு 100 மீட்டர் இணைப்புக்கு நடுவழியில் ஃப்ரெனெல் வளையத்தின் (சிக்னல் தடையின்றிப் போகத் திறந்திருக்க வேண்டிய வெளி) ஆரம் சுமார் 1.75 மீட்டர். இடுப்பு உயரத்தில் வைத்தால் அதில் ஒரு பகுதி தரைக்குள் இருக்கிறது. தோள் பட்டையில் ஒரு குச்சி கட்டி ஆன்டெனாவைத் தலைக்குமேல் நிறுத்தினேன். மையத்து ரவுட்டரை மூன்று மீட்டர் கம்பத்தில் ஏற்றினேன். நடந்த நண்பர் “என்னடா, என்னைக் கொடிக்கம்பம் ஆக்கிட்ட” என்றார். வழிகள் மாறும் எண்ணிக்கை அன்றைக்கே பாதியாகக் குறைந்தது.

டிசிபி ஏன் காத்திருந்தது

இதுவரை டேட்டாவை யூடிபியில், அதாவது போய்ச்சேர்ந்ததா என்று பார்க்காமல், விட்டெறிந்துகொண்டிருந்தேன். வழி மாறும் நேரத்தில் போனது போனதுதான். தொலைந்ததை மறுபடி அனுப்பும் டிசிபிக்கு மாறினால் தானே பார்த்துக்கொள்ளும் என்று மாற்றினேன். சிறு இழப்புகள் மறைந்தன. பெரிய ஓட்டைகள் வந்தன.

ஒருவர் மேட்டுக்குப் பின்னால் போய்ச் சுமார் ஒரு நிமிடம் கழித்து வெளியே வருகிறார் என்று வையுங்கள். பதில் வராத டிசிபி முதலில் சுமார் 0.2 நொடியில் மறுபடி அனுப்பும், பிறகு 0.4, 0.8, 1.6 என்று காத்திருப்பை இரட்டித்துக்கொண்டே போகும். கூட்டிப் பார்த்தால் 51-ஆவது நொடியில் ஒரு முயற்சி, அடுத்தது 102-ஆவது நொடியில். நம் ஆள் 55-ஆவது நொடியில் திறந்த வெளிக்கு வந்துவிட்டார், இணைப்பு அருமையாக இருக்கிறது, டிசிபி இன்னும் முக்கால் நிமிடம் வாய்திறக்காது. வாய்திறக்கும்போது அவர் அடுத்த கட்டடத்துக்குப் பின்னால். இழப்பு என்றாலே நெரிசல் என்று நினைத்து ஒதுங்கி நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது அது. அதன் இடத்தில் அது சரி. வாய்ப்பு வரும் சில நொடிகளைப் பிடிக்க வேண்டிய இடத்துக்கு ஒத்துவராது.

ஆகவே யூடிபிக்கே திரும்பி, நினைவை நானே வைத்துக்கொள்வது என்று முடிவு. லுவா என்ற சிறிய நிரல்மொழியில் எழுதினேன், ரவுட்டரின் ஃப்ளாஷில் பைத்தானைத் திணிக்க மனமில்லை. ஒவ்வோர் அளவீட்டுக்கும் நோடு எண்ணும் வரிசை எண்ணும். எடுத்ததும் வரிசையில் சேரும். 3 நொடிக்கு ஒருமுறை, அரை நொடி வரை தற்செயலான தாமதத்தோடு, பழையதிலிருந்து 8 அளவீடுகள் மையத்துக்குப் போகும். தற்செயல் தாமதம் இல்லாவிட்டால் ஐந்து பெட்டியும் ஒரே கணத்தில் பேசி மோதிக்கொள்ளும். மையம் ‘இந்த எண் வரை எல்லாம் வந்தன, அதற்குமேல் இவை இவை வந்தன’ என்று 32 பிட் வரைபடத்தோடு பதில் சொல்லும். அந்தப் பதில் வந்த பிறகே அளவீட்டை அழிப்பேன். காத்திருப்பு இரட்டிப்பதில்லை, எப்போதும் 3 நொடிதான். வேகத் தேவை இவ்வளவு குறைவாக இருப்பதால் இந்தப் பிடிவாதம் யாருக்கும் தொந்தரவில்லை.

இதுவே பெரிய முன்னேற்றம். ஆனால் மையத்துக்கு ஒருபோதும் வழியே கிடைக்காத ஆளுக்கு என்ன செய்வது? ரூட்டிங் என்பது இருக்கும் பாதையைக் கண்டுபிடிக்கும். பாதையே இல்லாவிட்டால் எந்தப் புரோட்டோகாலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த இடத்தில் டேட்டாவை யாராவது தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மையத்திலிருந்து 30 நொடி பதில் இல்லையென்றால், பேட்மேன் பட்டியலில் தரம் அதிகமுள்ள பக்கத்து நோடிடம் ஒரு நகலைக் கொடுக்கச் சொன்னேன். வாங்கியவர் ‘வைத்திருக்கிறேன்’ என்று பதில் சொல்வார். கொடுத்தவர் தன் பிரதியை அழிக்க மாட்டார். ஓர் அளவீட்டுக்கு அதிகபட்சம் இரண்டு நகல். மையம் 10 நொடிக்கு ஒருமுறை ‘என்னிடம் இருப்பவை’ பட்டியலைப் பிராட்காஸ்ட் செய்யும். பேட்மேன் வைஃபையில் பிராட்காஸ்டை இயல்பாகவே மூன்று முறை ஒலிக்கும், அது இங்கே உதவியது. பட்டியலைக் கேட்டவர்கள் சுமையை இறக்கிக்கொள்வார்கள். ஒரே அளவீடு இரண்டு மூன்று வழியில் வந்து சேரும்; நோடு எண்ணும் வரிசை எண்ணும் ஒத்துப்போனால் மையம் இரண்டாவதைக் கழித்துவிடும்.

கழித்துவிட்ட இடத்தில் வந்த ஓட்டை

அந்தக் கழித்தலில்தான் மிக மோசமான இழப்பு நடந்தது. நான்காவது பெட்டியின் கோப்பில் ஒரு குறையும் இல்லை, எண்கள் தொடர்ச்சியாக இருந்தன. ஆனால் நடையின் கடைசிப் பகுதியின் இடக்குறிப்புகளே காணோம், எண்ணிக்கையும் குறைவு. கேபிள் தளர்ந்து ரீபூட் ஆகியிருக்கிறது. மறுபடி எழுந்ததும் வரிசை எண் 1-லிருந்து தொடங்கியிருக்கிறது. மையமோ ‘1 ஏற்கெனவே இருக்கிறது, 2 ஏற்கெனவே இருக்கிறது’ என்று ஒவ்வொன்றையும் பழையது எனக் கழித்துவிட்டு, வந்தது என்று பதிலும் அனுப்பியிருக்கிறது. பதிலை நம்பி பெட்டி அழித்துவிட்டது. ரேடியோ, வழி, ஒப்புகை எதிலும் குறையில்லை. டேட்டா மட்டும் போச்சு. அதுவும் சத்தமே இல்லாமல்.

தீர்வு சிறியது. ஃப்ளாஷில் ஒரு பூட் எண். ஒவ்வொரு முறை எழும்போதும் ஒன்று கூடும். அடையாளம் இப்போது நோடு எண், பூட் எண், வரிசை எண் மூன்றும் சேர்ந்தது. ராமில் இருக்கும் வரிசை ரீபூட்டில் போய்விடும் என்பதால் நிமிடத்துக்கு ஒருமுறை ஃப்ளாஷில் எழுதுகிறேன். ஒவ்வோர் அளவீட்டுக்கும் எழுதினால் ஃப்ளாஷ் தேய்ந்துவிடும். நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் ரீபூட்டில் அதிகபட்சம் 12 அளவீடு போகும். அந்தப் பன்னிரண்டையும் விட மனமில்லாமல் கேபிளை வெப்பச் சுருக்கு உறையால் இறுக்கிக் கட்டினேன். பிறகு ரீபூட்டே நடக்கவில்லை.

நேரமும் இதே இடத்தில் குழப்பியது. இந்த ரவுட்டர்களில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. ஓப்பன்டபிள்யூஆர்டி எழும்போது ஈடிசி அடைவில் கடைசியாக மாறிய கோப்பின் நேரத்தையே இப்போதைய நேரமாக எடுத்துக்கொள்ளும். ஆறு பெட்டிகளின் லாகுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சம்பவங்கள் முன்னும் பின்னுமாகக் கிடந்தன. வழி மாறியதால் இழப்பா, இழப்பால் வழி மாறியதா என்று சொல்ல முடியவில்லை. ஜிபிஎஸ்தான் இருக்கிறதே, அதன் நேரத்தை எடுத்துக் கடிகாரத்தைத் திருத்தும் சில வரிகளைச் சேர்த்ததும் லாகுகள் பேசத் தொடங்கின. இதை முதல் நாளே செய்திருந்தால் பேட்மேனின் 64 நொடி விவகாரம் சீக்கிரம் பிடிபட்டிருக்கும்.

கடைசி நடையில் இரண்டாவது பெட்டிக்காரரை வேண்டுமென்றே மேட்டுக்கு அப்பால் இருக்கச் சொன்னேன். ஐந்தாவது பெட்டிக்காரர் இடையில் ஒருமுறை அந்தப் பக்கம் சுற்றிவிட்டு வந்தார். அவர் மையத்தின் கண்ணில் பட்டதும் இரண்டாவது பெட்டியின் அளவீடுகள் எட்டு எட்டாகக் கொட்டத் தொடங்கின. அரை மணி நேரம் பழையவை.

அடுத்த முறை மாற்றப்போவது சில. நகல் யாருக்குக் கொடுப்பது என்பதை இப்போதைய தரமதிப்பு தீர்மானிக்கிறது. அதைவிட யார் கடைசியாக மையத்தோடு பேசினார் என்பதே நல்ல அடையாளம், அதை அறிவிப்பிலேயே சேர்க்க வேண்டும். மையம் ஒன்றே இருப்பது பலவீனம். வளாகத்தின் இரு கோடியிலும் ஒவ்வொன்று வைத்து, பட்டியல்களைப் பின்னால் இணைத்துக்கொள்ளலாம், அடையாளம் மூன்று எண்களாக இருப்பதால் மோதாது. இடக்குறிப்பை மட்டும் லோரா ரேடியோவில் அனுப்பிப் பார்க்கும் எண்ணமும் இருக்கிறது. வேகம் மிகக் குறைவு, ஆனால் மேட்டைத் தாண்டும் வாய்ப்பு அதிகம். 48 பைட்டுக்கு அது தாராளம். மைக்ரோ யூஎஸ்பி முனைகளை எடுத்துவிட்டு திருகிப் பூட்டும் கனெக்டர் போடுவது இதில் முதல் வேலை.